தாலாட்டு ராகத்தில் ஒரு வாராந்திரி

தபித்தாளுக்குப் படிக்கத் தெரியும். அதுதான் அவளைப் பிடித்த வினை.

கரடிப்பள்ளம் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனில் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று தமிழ் படிக்கிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். சின்ன வயதில் குன்னூரில் ஒரு மிஷன் அம்மாள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வேதப்புத்தகம் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. கருவாடு சுற்றி வந்த தாள், சோப்புக் கட்டியின் உறை, மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தொலைத்தாள். படிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கொஞ்சம் தைரியசாலியாகவாவது பிறந்திருக்க வேண்டுமா இல்லையா? அதுவும் கிடையாது. பல்லி கத்தினால் பயம், இடி இடித்தால் பயம், மேஸ்திரி தொண்டையைச் செருமினால் பயம். துரையின் குதிரைச் சத்தம் கேட்டால் போதும், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

பயப்படக் காரணமும் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. புருஷன் ஆசீர்வாதம் தேயிலைச் செடியைக் கழித்துவிடக் கவாத்து வெட்டப் போன இடத்தில் சரிவில் உருண்டு இடுப்பை ஒடித்துக்கொண்டவன். கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வருவான், அவ்வளவுதான். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் லைனில் அறை. தேயிலை கிள்ளப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை தபித்தாளுக்கு. அந்த வேலையால்தான் அந்த ஒற்றை அறை தங்கியது. வேலை போனால் அறை போகும். அறை போனால் வாசல் தாண்ட முடியாத மனுஷனை இழுத்துக்கொண்டு இந்த மழையிலும் குளிரிலும் எங்கே போவது? கீழ்நாட்டில் அவர்களுக்கு என்று ஒரு நாதி இல்லை. தபித்தாள் கண் விழித்ததும் முதலில் வருவது இந்த நினைப்புதான்.

வில்க்ஸ் துரையின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி டைரி இருக்கும். மேட்டில் குதிரையை நிறுத்துவார், யாரையாவது பார்ப்பார், டைரியை எடுத்து ஏதோ கிறுக்குவார். அந்த வாரக் கடைசியில் அந்த ஆள் மூட்டை முடிச்சோடு மலை இறங்க வேண்டியதுதான். என்ன எழுதினார், எதற்கு எழுதினார் என்று கேட்கவா முடியும்? லைன் ஜனம் அதற்கு வைத்த பேர் ‘பேர்ப் புஸ்தகம்’. அழுகிற பிள்ளையைக்கூட ‘பேர்ப் புஸ்தகத்துல எழுதிப்போடுவாங்க’ என்று சொல்லித்தான் அடக்குவார்கள்.

பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கூலி கூட்டிக் கேட்டு ஜனங்கள் வேலையை நிறுத்தினார்கள் என்று தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வந்ததோ இல்லையோ, வில்க்ஸ் துரைக்கு வந்ததே கோபம்! தினசரி, வாராந்திரி, மாசப் பத்திரிகை, எந்தக் கடுதாசியும் எஸ்டேட்டுக்குள் வரக் கூடாது, வைத்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று மேஸ்திரியை விட்டுத் தமுக்கடிக்காத குறையாகச் சொல்ல வைத்தார். ஞாயிற்றுக்கிழமை குன்னூர்ச் சந்தைக்குப் போய் வருகிறவர்களின் கூடையைக் கேட்டில் காவல்காரன் கிளறிப் பார்ப்பான்.

குன்னூர்க் கீழ் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த தாவூத் ராவுத்தர் இதை லைன் பெண்கள் சொல்லக் கேட்டுச் சிரித்தார். அவர்தான் பத்திரிகைகளுக்கும் ஏஜெண்டு. ரயிலில் வருகிற கட்டைப் பிரித்து விற்கிறவர்.

“ஏனம்மா, கடுதாசி கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னாரு. மொளகாயைக் கையிலயா அள்ளிட்டுப் போகச் சொன்னாரு?” என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரத்து வாராந்திரியைத் தாள் தாளாகப் பிரித்தார். முதல் பக்கம் லைனில் இருக்கிற ஆயம்மாள் வீட்டு மிளகாய்க்கு, நடுப்பக்கம் ராக்கம்மாள் வீட்டுப் பருப்புக்கு, கதை வருகிற பக்கம் யாரோ ஒருத்தியின் கருப்பட்டிக்கு. காவல்காரன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவான். மளிகையைக் கொட்டிக்கொண்டு பெண்கள் தாளை உதறி மடித்துத் தபித்தாளிடம் சேர்த்துவிடுவார்கள். சில வாரம் தொடர்கதையின் முக்கியமான பக்கம் வந்து சேராது. ஆயம்மாள் புருஷன் அதைச் சுருட்டி அடுப்புப் பற்ற வைத்திருப்பான். அதற்கு அவன் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை.

தபித்தாள் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். “எனக்கு வேண்டாம்டி ஆயம்மா, என் புருஷன் தெருவுல கெடப்பான்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் தாள் கைக்கு வந்துவிட்டால் கண் சும்மா இருக்குமா? படித்தாள். படித்ததை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் தெரியாது. மத்தியானம் பால் கொடுக்க வரும் பெண்கள் கொட்டகையில் வரிசையாக உட்கார, மேஸ்திரி வெளியே உலாத்துவான். அவன் காதுக்கு எட்டாமல் எப்படிச் சொல்வது? தொட்டில் கயிற்றைப் பிடித்தாள், தாலாட்டு ராகத்தில் சேதியைப் போட்டாள். மழைச் சேதி, விலைவாசிச் சேதி, பம்பாயில் கூட்டம் நடந்த சேதி எல்லாம் ஆராரோ ஆரிரரோ. மேஸ்திரிக்குப் பிள்ளை தூங்குகிறது என்று தோன்றும். பிள்ளையும் தூங்கிவிடும், அது வேறு விஷயம்.

அப்படி ஒரு மத்தியானம். பெண்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பந்தலூர்ச் சேதி அந்த வாரம் பெரிதாக வந்திருந்தது. அது அவள் மனசை விட்டுப் போகவில்லை. தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டியபடியே பாடினாள்.

“பந்தலூர்த் தோட்டத்திலே வேலை நின்னு போச்சுதம்மா ஆராரோ. கூலி கூட்டிக் கேட்டதுக்குக் குண்டாந்தடி அடியாமே ஆரிரரோ. துரைமார் இறுமாப்பு தொலையும் நாள் தூரமில்லே, கண்ணே நீ கண்ணுறங்கு…”

திரும்பிப் பார்த்தால் வாசலில் துரைசாணி நிற்கிறாள்!

தபித்தாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. துரைசாணி சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. பங்களாவில் ஒரு கைக்குழந்தை, ராவும் பகலும் தூங்காமல் வீல் வீலென்று கத்துகிற குழந்தை. இந்தக் கொட்டகையில் மட்டும் இத்தனை பிள்ளைகள் எப்படி அடித்துப் போட்ட மாதிரி தூங்குகின்றன என்று பார்க்க வந்திருக்கிறாள். தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்று வாரா வாரம் ஒரு முன்ஷி வாத்தியாரை வேறு வரவழைத்துப் படிக்கிறவள்.

“நல்ல பாட்டு. மறுபடி பாடு” என்றாள், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி.

பாடாமல் இருக்க முடியுமா? வேறு பாட்டுப் பாடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது பாழாய்ப்போன பந்தலூர்தான். பயத்தில் மூளை நின்றுபோனால் நாக்கு பழகிய பாதையில்தானே போகும். துரைசாணி தோல் அட்டை போட்ட ஒரு புஸ்தகத்தைப் பிரித்து, காதில் விழுந்ததையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் தினமும் எழுதுகிற டைரி. ஒரு சொல்லுக்கு நிறுத்தி, திருப்பிச் சொல்லச் சொல்லி, சரிபார்த்து எழுதினாள்.

“அர்த்தம் முன்ஷி சொல்வார். புதன்கிழமை நீயும் பங்களாவுக்கு வா” என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகப் போனாள்.

தபித்தாள் அப்படியே மண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! தன் வாயாலேயே, துரைமார் இறுமாப்பு என்று, துரை பெண்டாட்டியிடமே!

மறுநாள் பால் கொடுக்க வந்த ஆயம்மாளிடம் சொல்லி அழுதாள். ஆயம்மாள் எதற்கும் அசராதவள். “அட, அது அந்தம்மா தனக்குன்னு எழுதற புஸ்தகம்தானுங்களே? பத்திரிகையின்னாத்தான் ஊரே படிக்கும். டைரியை அவிய மட்டுந்தானே படிப்பாங்க?” என்றாள்.

“துரை சட்டைப்பையில வெச்சிருக்கறதும் அவர் மட்டும் படிக்கறதுதான் ஆயம்மா. அதுல ஏறின பேரு என்ன ஆச்சு?”

ஆயம்மாள் பிள்ளையை மாற்றுத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை வருவதற்குள் தபித்தாள் பாதியாகிவிட்டாள். சோறு பிசைந்த கை வாய்க்குப் போகவில்லை. ஆசீர்வாதம் என்ன ஏது என்று கேட்டான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன செய்யப் போகிறான்? கட்டிலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. ஊரை விட்டு ஓடிவிடலாமா என்று கூட நினைத்தாள். கம்பில்லாமல் நடக்க முடியாதவனை வைத்துக்கொண்டு ஓடுவதாம், நல்ல கதை.

புதன்கிழமை காலை பங்களா வராந்தாவில் அவளைத் தரையில் உட்கார வைத்தார்கள். முன்ஷி ஆறுக்குட்டி ஒரு முக்காலியில். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகக் குன்னூரிலிருந்து வருகிற மனிதர். துரைசாணி டைரியைப் பிரித்து, கொச்சைத் தமிழில் இழுத்து இழுத்து வாசித்தாள்.

“பாண்டலூர்… டோட்டாட்டிலே…”

முன்ஷி முதலில் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் வரியில் தலை நின்றது. மூன்றாம் வரியில் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்தது. அவர் சட்டென்று குடையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதைத் தபித்தாள் பார்த்தாள். முடிந்தது, தொலைந்தோம், இந்த மனுஷன் வாயைத் திறந்தால் நாளைக்கு நாங்கள் தெருவில் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முன்ஷி தொண்டையைக் கனைத்தார். “பந்தலூரில் இருக்கிற தாய்மாமன் குழந்தைக்குப் பொம்மை வாங்கி வருவான் என்று பொருளுங்க, அம்மா” என்றார்.

“கூலி எனக்குத் தெரியுமே. அது ஏன் வருகிறது?”

“மாமன் கூலி வேலை செய்கிறவனுங்க. ஏழைப் பாட்டு.”

“துரை என்றும் வருகிறதே?”

முன்ஷியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, அந்தக் குளிரில். “நீ பெரியவனாகித் துரையைப் போல வாழ வேண்டும் என்று தாய் வாழ்த்துகிறாளுங்க” என்றார்.

துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அர்த்தத்தையும் டைரியில் பக்கத்திலேயே எழுதிக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே, சீகை மரத்தடியில் முன்ஷி காத்திருந்தார். தபித்தாள் அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப் போய்ப் பின்னால் நகர்ந்தார்.

“அடப் பாவி மகளே, யாராச்சும் பாத்துத் தொலைக்கப் போறாங்க! அந்தச் சேதியை எழுதுனதே நாந்தானம்மா. நமது நிருபர்னு போடறாங்களே, அது இந்தத் தலைதான். துரைக்குத் தெரிஞ்சா எனக்கு முன்ஷி வேலையும் போச்சு, ஜெயிலும் வந்துரும்” என்று கிசுகிசுத்தார்.

அவர் குடையை விரித்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

“ஆமா, ‘அட்டூழியம்’னு ஒரு நல்ல வார்த்தை போட்டிருந்தேனே, அதை ஏன் விட்டுட்டே?”

“ராகத்துல நிக்கலீங்க.”

“ஓஹோ” என்றார் முன்ஷி, கொஞ்சம் மனத்தாங்கலோடு. அடுத்த மாதமே உடம்பு சரியில்லை என்று எழுதிப்போட்டுவிட்டு மலை இறங்கியவர் திரும்பி வரவேயில்லை.

தப்பித்தோம் என்று தபித்தாள் நினைத்தாள். தப்பித்தாளா? அந்தப் புதன்கிழமை கழிந்த அதே வாரம் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. இனி கொட்டகை வேலை வேண்டாம், குழந்தைக்கு ஆயாவாக வா, அந்தப் பாட்டைத் தினமும் பாடு. சம்பளம் கூட. அறையும் இருக்கட்டும், புருஷனும் இருக்கட்டும். லைன் பெண்கள் அவளுக்கு யோகம் அடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கல்லவா தெரியும் அது என்ன யோகம் என்று!

துரைசாணிக்குத் தமிழ் அரைகுறை. வில்க்ஸ் துரைக்கு அப்படியில்லை. இருபது வருஷம் தோட்டத்தில் ஆளை மேய்த்தவர், திட்டுகிற தமிழும் தெரியும், ஒட்டுக்கேட்கிற தமிழும் தெரியும். அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் பெற்ற பிள்ளைக்கே, துரைமார் இறுமாப்பு தொலையும் என்று தினசரி பாட வேண்டும். வார்த்தையை மாற்றிப் பார்த்தாள். துரைசாணி டைரியைக் கையில் வைத்துக்கொண்டு, “இல்லை, மூன்றாவது வரி விட்டுவிட்டாய்” என்று திருத்தினாள். பிள்ளையும் சரியான வரி வராவிட்டால் கத்தியது. ஆண்டவரே, இது என்ன சோதனை என்று தபித்தாள் மனசுக்குள் முட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். காதை வராந்தாப் பக்கம் வைத்துக்கொண்டே பாடுவாள். துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டதோ, வார்த்தை மறைந்து வெறும் ‘ம்ம்… ம்ம்…’ என்று ராகம் மட்டும் ஓடும். பூட்ஸ் அந்தப் பக்கம் போனதும் வார்த்தை திரும்பி வரும். அந்த நேரத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது மடியில் கிடக்கிற குழந்தைக்கே கேட்டிருக்கும். வருஷக்கணக்காக இப்படியே ஓட்டினாள்.

குழந்தைக்குப் பேர் நெல்லி. தபித்தாளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் பாசம் கொட்டிவிட்டது. “நெல்லிக்கண்ணு, வாடி தங்கம்” என்பாள். நெல்லியும் அவளை “தபித்தம்மா” என்றுதான் கூப்பிடும். இங்கிலீஷுக்கு முன்னால் தமிழ் வந்துவிட்டது அதற்கு. அதுவும் எப்படித் தமிழ்! “ஏனுங்க, பால் ஆறிப்போச்சுங்களா?” என்று சமையல்காரனிடம் கேட்டால் பங்களாவே சிரிக்கும். தபித்தாளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுத்த நிமிஷம் வாயைப் பொத்திக்கொள்வாள். இந்தப் பிள்ளைக்கு இப்போது எல்லாம் புரிகிறதே! நல்ல வேளையாக நெல்லி பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

நெல்லிக்கு ஆறு வயது நெருங்கும்போது ஒரு காலை. துரை வராந்தாவில் கூடை நாற்காலியில் சாய்ந்து, சீமையிலிருந்து தபாலில் வந்த வாராந்திரியைப் படித்துக்கொண்டிருந்தார். துரைசாணி ஊட்டிக்குப் போயிருந்தாள். தபித்தாள் படிக்கட்டில் குழந்தையின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புல்வெளியில் நெல்லி பொம்மையைத் துணியில் போட்டு ஆட்டியது. ஆட்டிக்கொண்டே வாய்விட்டுப் பாடியது, எழுத்துச் சுத்தமாக.

“கூலி கூட்டிக் கேட்டதுக்குக் குண்டாந்தடி அடியாமே ஆரிரரோ. துரைமார் இறுமாப்பு…”

துரையின் பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

தபித்தாள் விரலில் ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆசீர்வாதத்தின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கேட்டுக்கு வெளியே, மழையில், கட்டிலோடு.

“நெல்லி, என்ன பாட்டு அது?” என்றார் துரை. பிறகு தபித்தாள் பக்கம் திரும்பித் தமிழில், “ஆயா, யார் சொல்லிக் குடுத்தது?”

தபித்தாள் எழுந்து நிற்கப் பார்த்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். நெல்லி அவளைப் பார்த்தது. ஊசி ஏறிய விரலைப் பார்த்தது, தூணைப் பிடித்த கையைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது. துரை மறுபடி ஏதோ கேட்டார். குழந்தை தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னது. துரையும் சிரித்துவிட்டார். பொம்மையின் தலையைத் தட்டிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

உசிர் போய் உசிர் வந்தது தபித்தாளுக்கு. ஓடிப் போய் நெல்லியைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். “என் தங்கமே! என்னடி சொன்னே அப்பாகிட்ட?”

“நானே உளறிப் பாடினேன், அர்த்தமே கிடையாதுன்னு சொன்னேன்.” நெல்லி அவள் கையை மெதுவாக விலக்கியது. “ஆனா எனக்கு அர்த்தம் தெரியும். அப்பா வந்தா நீ ஏன் வார்த்தையை முழுங்கறேன்னும் தெரியும். ரொம்ப நாளா தெரியும்.”

“நெல்லிக்கண்ணு…”

“அப்படிக் கூப்பிடாதே. வாடி போடின்னும் கூப்பிடக் கூடாது. பட்லர் எப்படிக் கூப்பிடறான்? சின்ன துரைசாணின்னு கூப்பிடறான் இல்லே? நீயும் அப்படித்தான் கூப்பிடணும். இல்லாட்டி அப்பாகிட்டச் சொல்லிருவேன்.”

குழந்தை விளையாட்டுக்குச் சொல்கிறது என்று தபித்தாள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. மேட்டில் குதிரையை நிறுத்திக்கொண்டு ஆளைப் பார்க்கிற அதே பார்வை, அந்த நீலக் கண்ணில். பால் குடித்த நாளிலிருந்து மடியில் போட்டு வளர்த்த பிள்ளை. தபித்தாளுக்கு அழுகை வந்தது. அழவும் பயமாக இருந்தது.

“சரிங்க” என்றாள். “சரிங்க, சின்ன துரைசாணி.”

“கும்பிட்டுச் சொல்லு” என்றது நெல்லி.

தபித்தாள் ரத்தம் கசிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.